ஆண்டவருக்கா, சகலைக்கா?

சகலை ஆலயத்துக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்த அன்றுதான் எலக்ட்ரீசியனுக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது பொய். அவர் கார் வாங்கியபோதே பற்றிக்கொண்டுவிட்டது. கீபோர்டு அதில் எண்ணெய் ஊற்றியது, அவ்வளவுதான்.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரு காலத்தில் ஒரே பைக்கில் வேலைக்குப் போனவர்கள். இவர் சுவரைக் கொத்தி ஒயர் இழுப்பார். அவர் அதே கட்டடத்தில் டைல்ஸ் ஒட்டுவார். பிறகு அவர் டைல்ஸ் கடை வைத்தார், கடை பிடித்துக்கொண்டது. இவர் ஏணியும் கையுமாகவே நின்றுவிட்டார். சகலை தலைக்கனம் பிடித்தவரும் இல்லை. எரிச்சலே அதில்தான். திட்டுவதற்கு ஒரு குறையாவது வைத்திருக்கக் கூடாதா மனுஷன்?

கீபோர்டுக்காகப் போதகர் நன்றி ஜெபம் செய்தபோது எலக்ட்ரீசியன் ஒற்றைக் கண்ணால் சகலையின் புதுச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆமென்' சொன்னதுதான் தாமதம், எழுந்துவிட்டார்.

"ஐயா, இங்க இருக்கிற ஃபேன் எல்லாத்தையும் புதுசா மாத்தித் தரேன். என் காணிக்கை."

சபை கைதட்டியது. சகலை எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அதுவும் பிடிக்கவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்முன்பே மனைவி பிடித்துக்கொண்டாள்.

"பணம் எங்கேர்ந்து வரும்?"

"கர்த்தர் பார்த்துப்பார்."

"அவர் கேட்டாரா உங்ககிட்ட? உண்மையச் சொல்லுங்க, ஃபேன் ஆண்டவருக்கா, என் தங்கச்சி வீட்டுக்காரருக்கா?"

கோபம்தான் வந்தது. மறுநாளே ஃபேன்களைத் தவணைக்கு எடுக்க எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனார். பழகிய கடைக்காரர் இரண்டு மாடல்களைக் காட்டினார்.

"எல்லாம் சேர்த்தா கீபோர்டைவிட விலை கூட வருமா?" என்று கேட்டார் எலக்ட்ரீசியன்.

"எந்தக் கீபோர்டு?"

கடைக்காரர் விழித்தார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டதும் இவருக்குக் காது சுட்டது. கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மேஜையில் வைத்துவிட்டு நேராகப் போதகர் வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் கொட்டினார்.

"பொறாமையில கொடுத்தா ஆண்டவர் வாங்கிக்க மாட்டாராய்யா?"

"அவருக்கு எதுக்குங்க ஃபேன்? வேர்க்கிறது நமக்குத்தான்" என்று சிரித்தார் போதகர். "கடன் வாங்கிக் கொடுத்துட்டு, தவணை கட்டுறப்பெல்லாம் உங்க சகலையத் திட்டுவீங்க. வேண்டாம். ஆனா சபையில சொன்ன வார்த்தை. உண்மையையும் சபையிலயே சொல்லிடுங்க."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றார்.

"போன வாரம் நான் சொன்னது காணிக்கை இல்ல, பொறாமை. புதுசு வாங்க என்னால முடியாது. பழசையெல்லாம் சரி பண்ணித் தரேன்."

யாரும் கைதட்டவில்லை. மனைவி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபேன்களைக் கழற்றப் போன அன்று, கூப்பிடாமலே சகலை வந்து ஏணியைப் பிடித்தார். மேலே பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"பொறாமை என் மேலயா அண்ணே?"

"வேற யார் இருக்கா, சகல?"

சகலை சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. "ஆட்டாதய்யா, விழுந்துடுவேன்!" என்று கத்திய எலக்ட்ரீசியனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கை கழுவும்போது, அடுத்த தெருவில் இன்னொரு கடை திறக்கப்போவதாகச் சகலை சொன்னார். அவ்வளவுதான், எலக்ட்ரீசியனின் நெஞ்சுக்குள் மறுபடியும் சுருக்கென்றது. போய்விட்டது என்று நினைத்தது எங்கேயும் போகவில்லை. சோப்பு நுரையோடு அப்படியே நின்று கண்ணை மூடினார்.

'ஆண்டவரே, இவன் கடை நல்லா ஓடட்டும்.'

சொல்லி முடிப்பதற்குள் மனசு அந்தப் புதுக் கடையின் லாபத்தைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஜெபத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.