பரணியின் கையில் குடியேறிய செல்கள்

பனியன் ஊரான மண்ணரையில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர்கள் எத்தனையோ பேர். பரணியைப் போல ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்! எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலையில் தொடங்கி, சொந்தமாகக் கட்டிங் மேசை போட்டவர். அடுக்கிய துணியில் அவர் மெஷினை ஓட்டினால் மேல் துண்டும் அடித் துண்டும் ஒரே அளவாக நிற்கும். பள்ளிக்கூடத்தை நம்பாமல், நம்மைப் போலக் கையை நம்பி வந்த ஆள்.

அந்தக் கைக்குத்தான் சோதனை வந்தது. சிறு வயதிலிருந்தே இன்சுலின் ஊசி. வயது ஏற ஏற, சர்க்கரை இறங்குவது அவருக்கே தெரியாமல் போயிற்று. ஒரு நாள் ஓடுகிற மெஷினைப் பிடித்தபடியே கண் சொருகிச் சாய்ந்தார். விரல் தப்பியது சாமி புண்ணியம். அன்றோடு மனைவி சித்ராதேவி அவரை மெஷின் பக்கமே விடவில்லை. தன் மேசையில் வேறொருவர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு உயிர் போகிற வேதனை.

கோவையில் ஓர் ஆஸ்பத்திரி புதுச் சிகிச்சையைச் சோதித்துப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றார். இறந்த ஒருவர் தானம் தந்த கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கிற செல்களை எடுத்து, மரபணுவைத் திருத்தி, முன்கைத் தசைக்குள் வைப்பார்கள்.

“வெளி ஆளுன்னு தெரிஞ்சா உடம்பு அடிச்சுத் துரத்திருமுங்க. அதைக் காட்டிக் கொடுக்கிற அடையாளத்தை ஜீன்லயே எடுத்துட்டோம்,” என்றார் டாக்டர் தீனதயாளன்.

“லேபிளைப் பிரிச்சுட்டுப் பீஸை உள்ள விடறீங்க. எங்கூர்ல பார்க்காத வேலைங்களா!” என்று சிரித்தார் பரணி.

செல்களை வைத்தாயிற்று. அவை வேலை செய்கின்றனவா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கும் நாளும் வந்தது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று பார்த்துச் சஷ்டி. மறுபடி மெஷின் பிடிக்க வேண்டும் என்று முருகனுக்குச் சஷ்டி விரதம் நேர்ந்திருந்தவர், வாக்கு மாறுவாரா? விரதத்தை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்று, நர்ஸ் கேட்டபோது, “சாப்பிட்டாச்சுங்க” என்றுவிட்டார்.

முடிவைப் பார்த்த டாக்டரின் முகம் சுருங்கியது. “சாப்பிட்ட பிறகும் செல்லு பெருசாச் சுரக்கலை. உடம்பு அடிக்க ஆரம்பிச்சிருச்சோ என்னவோ.”

பரணி தன் முன்கையையே பார்த்தார்.

அவர் சாப்பிட்டதாகச் சொன்னதே சித்ராதேவிக்கு அப்போதுதான் தெரிந்தது. “ஏனுங்க, வாயைத் திறங்க! டாக்டர் சார், காலையில இருந்து வெறும் பச்சத்தண்ணிதானுங்க. சஷ்டி விரதம்!”

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஆர்டரே தராம மெஷின் ஓடலைன்னா எப்படிங்க பரணி? சாப்பிட்டாத்தானே அது சுரக்கும்! சரி, மயக்கம் வந்துச்சுங்களா?”

“இல்லீங்க.”

“சர்க்கரையும் இறங்கலை. பசி நேரத்துல சும்மா இருக்க அந்தச் செல்லுக்குத் தெரிஞ்சிருக்கு. போய்ச் சாப்பிட்டு வாங்க, மறுபடி எடுப்போம்.”

“முருகன் கோவிச்சுக்குவானுங்களே?”

“அவன்கிட்ட நான் பேசிக்கறனுங்க,” என்றாள் சித்ராதேவி. “கேன்டீனுக்கு நடங்க.”

இட்லி உள்ளே போன பிறகு எடுத்த ரத்தத்தில் செல்கள் சுரந்த அளவு நன்றாகவே ஏறியிருந்தது. டாக்டர் அந்தத் தாளை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“அப்ப மெஷினைத் தொடலாமுங்களா?”

“ஊசி பாதிதான் குறைஞ்சிருக்கு. இன்னும் சில மாசம் சர்க்கரை இப்படியே நிக்கட்டும். அதுவரைக்கும் துணி விரிங்க, போதும்.”

அடுத்த நாள் காலையிலேயே பரணி மேசையின் தலைமாட்டில் நின்று, ஒரு சுருக்கமில்லாமல் துணியை விரித்தார். வெட்ட வந்த நாச்சிமுத்துவிடம் சொன்னார்:

“மெஷினை ரொம்பச் சொந்தம் கொண்டாடாதீங்க தம்பி. இந்தக் கை திரும்பி வந்துட்டிருக்குது.”