பானைக்குள் பேஸ் கிடார்

கண்ணுகளா, நேற்று நீங்கள் போட்ட பழைய ராக் கச்சேரியில் பேஸ் கிடார் அதிர்ந்ததும் சின்ன வயதில் நாங்கள் இருந்த கீழ்க்கட்டளை வீடு ஞாபகம் வந்தது.

என் சித்தப்பா இரண்டு மண்பானைகளைத் தன் அறைக்குள் கொண்டுபோனார். ஞாயிறுதோறும் அவர் நண்பர் டேவிட் கேசட்டோடு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பாட்டெல்லாம் கண்துடைப்பு, உள்ளே சாராய ஊறல் போடுகிறார்கள் என்று அப்பாவுக்குச் சந்தேகம். ஒரு ஞாயிறு, "நெசமா இருந்தா இன்னிக்கே அவன் வூட்ட வுட்டு வெளிய" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளி, நேராகப் பானைக்குள் கையை விட்டார். விரலில் ஸ்பீக்கர் தட்டுப்பட்டது.

"இன்னாடா, கை அதிருது?"

"பேஸ் கிடார்ண்ணா. பானைல வெச்சாத்தான் கும்முனு கீது," என்றார் சித்தப்பா.

"அப்போ கதவை ஏன்டா சாத்துறீங்க?"

"சத்தம் வந்தா நீ திட்டுவியே!"

பாட்டு முடியும்வரை அப்பா கையை எடுக்கவில்லை. பிறகு விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த பானைக்குள் விட்டார்.