சாத்திய கேற்

நாங்கள் குடியேறிய டார்னெய்ட் புறநகரில் எங்கள் வீடுகளுக்கும் ஆற்றோரப் பூங்காவுக்கும் நடுவில் ஒரு செம்மறிப் பண்ணை இருக்கிறது. அதன் ஓரமாக நடக்க உரிமை கிடைத்தால் பூங்கா கிட்ட. இல்லாவிட்டால் லொறிகள் பறக்கும் ரோட்டால் சுற்றவேண்டும். அதைப் பேசி முடிக்கத்தான் கவுன்சில் தன்னிடம் வேலைசெய்யும் ஒரு தமிழ் அக்காவை அனுப்பியது. நடப்பவர்கள் சார்பில் வேறு ஆள் கிடைக்காததால் நானும் கூடப் போனேன்.

அவருக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சு, அகலத் தொப்பி. சட்டைப்பையில் வறுத்த கச்சான் கடலை வைத்திருப்பார். யாரோடு பேசத் தொடங்கினாலும் முதலில் ஒரு பிடி நீட்டுவார். பண்ணைக்காரக் கிழவரும் வாங்கிக் கொறித்தார்.

கிழவருக்கு ஒரே பயம்தான். நடக்கிறவர்கள் கேற்றைத் திறந்துவிட்டுப் போனால் ஆடுகள் ரோட்டுக்கு ஓடிவிடும். "எங்கட ஆக்கள் அப்படியில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிய அக்கா, நாங்கள் வந்த கேற்றை அவர் பார்க்கவே இழுத்துச் சாத்திக் கொளுவினார்.

கிழவர் தலையில் கைவைத்தார். ஆடுகள் தண்ணீருக்குப் போகவென்று அவரே திறந்து வைத்த கேற் அது!

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அக்காவோ வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாரும் தம்பி, நான் செய்த வேலையை!"

பிறகு கிழவரிடம், "இதையே முதல் நிபந்தனையா எழுதுவம். கேற் இருந்தபடியே இருக்கவேணும்" என்றார். கிழவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வழியும் தந்தார்.

திரும்பும்போது மெல்லக் கேட்டேன்.

"அக்கா, தெரிஞ்சுதானே சாத்தினீங்கள்?"

"உமக்கென்ன விசரே? ஆட்டைப் பற்றி எனக்கென்ன தெரியும்!"

இப்போது தினமும் அந்த வழியால்தான் நடக்கிறேன். காரியம் கெட்டுப்போகவிருந்த அந்த நிமிடத்தில் ஒரு மனிசிக்கு அப்படியொரு சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.