கண்மாய்க்குள் நட்ட சிவப்புக்கொடி

சேக் முகைதீனுக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பேச்சு. இருக்காதா பின்னே? தண்ணீரும் மண்ணும் சோதிக்கிற சர்க்கார் ஆபீசில் வேலை. மம்சாபுரம் பக்கத்துக் கண்மாயில் மீன் செத்து மிதந்தால், சீசாவைத் தூக்கிக்கொண்டு அவர்தான் ஓட வேண்டும். மேலே ஓடைக்கரையில் இருக்கிற ராஜரத்தினத்தின் சாயப்பட்டறைதான் காரணமென்று ஊருக்கே தெரியும். ஆனால் ஜீப் புறப்பட்ட சேதி எப்படித்தான் போகுமோ, பட்டறைக் குழாயை அடைத்துவிடுவார்கள். இவர் போய் மொண்டால் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும்.

தொண்ணூற்றிரண்டு கோடையில் கண்மாய் வற்றியது. தண்ணீர் ஓடிவிடும், அடியில் படிந்த வண்டல் எங்கே ஓடும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இறங்கித் தோண்டினார். நடுக்கண்மாயில் மண் சாதாரண மண். ஓடை வந்து விழுகிற பக்கம் போகப்போகக் கன்னங்கரேல் என்று மாறியது. அந்த நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு, வண்டல் தங்காத அந்தக் கல்லோடையில் ஏறினால் பட்டறைக் குழாயில்தான் போய் நின்றது.

மண்ணைச் சோதித்த அதிகாரி வேல்சாமிக்கும் சந்தோஷம்.

"மாட்டிக்கிட்டான், பாய்! கேசு நிக்கணும்னா நானே வந்து சாட்சி வச்சு மண்ணெடுக்கணும். எடத்தை அடையாளம் பண்ணி வைங்க."

கறுத்த இடமெல்லாம் முகைதீன் குச்சி நட்டு, மனைவி ஆரிபாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடி கட்டினார். அன்றைக்கு ராத்திரி இரண்டு பரோட்டா கூடவே இறங்கியது.

அப்புறம் ஜீப்புக்கு டயர் இல்லை. டயர் வந்தால் டீசல் இல்லை. ஒருவழியாக அவர்கள் போய் இறங்கியபோது கண்மாய்க்குள் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. கொடி இருந்த இடமெல்லாம் பள்ளம்.

"நிறுத்துங்கய்யா! யாரைக் கேட்டு அள்ளுதீக?"

கண்மாய்ப் பாசனத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி கருத்தையா சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன பாய், நீங்கதான கொடி நட்டீக? வருசா வருசம் தாலுகா ஆபீசுலருந்து வந்து, வயலுக்கு உரமாக் கரம்பை மண்ணு அள்ளுத எடத்துல கொடி நட்டுட்டுப் போவாக. இந்த வருசம் உங்கள அனுப்பிருக்காகன்னு நெனச்சோம். நல்ல கறுத்த எடமாப் பாத்து நட்டிருக்கீக. ஊரே உங்கள வாழ்த்துது!"

கொடி நட்டால் அள்ளுவார்கள் என்று இந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவருக்குமல்லவா தெரியும்!

"அண்ணாச்சி, அது விசம்! பட்டறைச் சாயம்!"

"சும்மா இருங்க பாய். விசத்துக்குப் போய் சர்க்காரு கொடி நடுமா?"

வேல்சாமி பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். அடியில் வெறும் செம்மண்.

"வயல்ல போட்டதை எடுக்கலாமே சார்?" முகைதீன் விடவில்லை.

"எடுத்தா? வயக்காரன் தெளிச்ச பூச்சிமருந்துன்னு சொல்லி ராஜரத்தினத்தோட வக்கீல் தூக்கிப் போட்டுருவான். போச்சு, பாய்."

சீ, என்ன பிழைப்பு இது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு முகைதீன் வீடு திரும்பினார். வாசலில் ஆரிபா மண்வெட்டியும் கையுமாக நின்றாள். கொல்லையில் ஒரு வண்டிக் கறுப்பு மண். முருங்கை மூட்டில் பாதியை அணைத்தாகிவிட்டது.

"கருத்தையா அண்ணன் அனுப்பியிருக்காக. நீங்க அம்புட்டு உதவி செஞ்சீகளாம்ல?"

அதே நாற்றம். முகைதீன் மண்வெட்டியைப் பிடுங்கி வெறிபிடித்தவர் போல் ஒரு கூடை அள்ளினார். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்றுதான் தெரியவில்லை.