வக்கீல் சாரின் சந்தை

திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலின் மாடி அறை. சுவரில் வெள்ளைப் பலகை. அதில் வக்கீல் சார் ‘கேப்பிடலிசம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஆலை முதலாளி எழுந்து வந்து, அந்தக் கோட்டை மட்டும் உள்ளங்கையால் துடைக்கப் பார்த்தார். கோட்டோடு சொல்லும் சேர்ந்து போய்விட்டது. உடனே அதே சொல்லைத் திரும்ப எழுத, இரண்டு பேரும் ஒரே பேனாவுக்குக் கை நீட்டினார்கள். வக்கீல் சார் போன மாதம் தவறிப்போனார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மை அப்பிய அந்த உள்ளங்கைதான்.

இதில் வேடிக்கை, இரண்டு பேரும் ஒரே கட்சி. அரசாங்கம் மனிதர்களின் வாழ்விலும் வியாபாரத்திலும் தலையிடக் கூடாது என்று சொல்கிற லிபர்டேரியன்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர் கூடுவார்கள். முதலாளிக்குச் சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை. வக்கீல் சார் நகரியில் விசைத்தறி ஓட்டிய குடும்பத்திலிருந்து வந்து, சித்தூர் கோர்ட்டில் பிராக்டீஸ் செய்தவர். நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். சொந்த ஊர் புத்தூர் பக்கம். எல்லையோரத் தமிழ்க் கிராமங்களுக்காக அவர்கள் ஒரு சிறு புத்தகம் கொண்டுவர நினைத்தார்கள். அதைத் தமிழில் பெயர்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் பக்கத்தின் முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. கேப்பிடலிசம் என்றால் என்ன?

“நீ விக்கற, நான் வாங்கறேன், நடுவுல எவனும் வரக்கூடாது. அந்தே, அவ்ளோதான்! இதுல இன்னா மேடம் கஷ்டம்?” என்பார் முதலாளி. அவர் வீட்டில் தெலுங்கு. தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் வரும்.

“அதுக்குச் சந்தைன்னு பேரு இருக்குது,” என்பார் வக்கீல் சார். “முதல் வச்சிக்கினு இருக்கறவன் கவர்மென்ட்டக் கைல போட்டுக்கினு ஆடற ஆட்டம் இருக்குது பாரு, மானியம், லைசென்சு, சலுகைக் கரண்டு, அதுக்குப் பேருதான் கேப்பிடலிசம். அந்தப் பேர நாம ஏன் தூக்கிக்கினு சுத்தணும்?”

அந்தச் சொல்லே எதிரிகள் திட்டுவதற்காகப் பரப்பியது, அதைக் கழுவிக்கொண்டிருப்பது வீண் வேலை என்பது வக்கீல் கட்சி. திட்டாக வந்த பேரை மாலையாகப் போட்டுக்கொள்வதில்தான் வீரம் இருக்கிறது என்பது முதலாளி கட்சி. மற்ற எட்டுப் பேரும் வடை தீரும் வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டுவார்கள்.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். காய்கறிக்காரர் சிரித்தால்கூட என் கண் தராசுக்குத்தான் போகும். ஒரு சொல்லைக் காப்பாற்ற ஓர் ஆலை முதலாளி வாராவாரம் அறை வாடகையும் காபியும் ஏன் கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே யோசித்தேன். சொல் நல்ல சொல்லாகிவிட்டால் தானும் நல்லவர் ஆகிவிடலாம் என்ற கணக்காக இருக்கும் என்று பட்டது. வக்கீல் சாரிடம் அப்படி ஒரு லாபம் தெரியவில்லை. காலர் நைந்த கோட்டு, பஸ் பயணம், யார் காசிலும் காபி குடிக்காத பிடிவாதம். ஆனாலும் அவர் மேலும் எனக்கு ஒரு கண் இருந்தது. நடக்கிற அக்கிரமத்தை எல்லாம் கேப்பிடலிசம் என்ற பெட்டியில் போட்டுவிட்டால், சந்தை என்கிற மகாராணி என்றைக்குத்தான் கூண்டில் ஏறுவாள்? ஒரு நாள் கேட்டே விட்டேன். “இன்னாம்மா, என்னையே குறுக்கு விசாரணை பண்ற?” என்று சிரித்தார்.

அந்த வருஷம் மாங்காய் கிளை முறியக் காய்த்தது. புத்தூர் பக்கம் என் அண்ணனுக்கு ஒரு தோப்பு. எங்கள் நைனா, அதாவது அப்பா, வைத்த மரங்கள். அத்தனையும் தோத்தாபுரி, கூழ் ஆலைகளுக்கென்றே வளர்க்கிற பழம். வீட்டுக்கு வாங்கித் தின்பவர்கள் குறைவு. ஆலை எடுத்தால்தான் உண்டு. பறித்த பிறகு சில நாள்தான் தாங்கும். அண்ணன் குடும்பத்துக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு அந்தச் சில நாட்களில்தான் இருந்தது. அதிகாரிகள் ஒரு விலை சொல்லி, ஆலைக்காரர்கள் கொடுக்கிற டோக்கன் உள்ள வண்டிக்குத்தான் ஆலை வாசலில் அந்த விலை என்று வைத்திருந்தார்கள். டோக்கன் கிடைக்காதவர்கள் சாலையோர ‘ராம்ப்’ என்கிற கொள்முதல் மேடைகளில் தரகர்களிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

முதலாளி எனக்குப் போன் செய்தார். “உங்க அண்ணனுக்கு டோக்கன் அனுப்பறேன் மேடம். நம்ம மனுஷங்க கதா, இல்லியா!” என்றார். அதே மூச்சில், முதல் பக்கம் எந்த மட்டில் இருக்கிறது என்றும் விசாரித்தார். இரண்டுக்கும் முடிச்சு உண்டா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டோக்கன் வந்தது. அண்ணியின் முகம் அன்று தெளிந்தது.

விஷயம் தெரிந்து வக்கீல் சார் புத்தூருக்கு பஸ் ஏறி வந்துவிட்டார். முன்பு ஒரு வரப்புத் தகராறில் அண்ணனுக்காக வாதாடி ஜெயித்துக் கொடுத்தவர். அவர் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது. தோப்பில் நின்றபடியே பேசினார். டோக்கன் என்பது விலைக்கு விற்ற சரக்கு அல்ல, மேலே இருப்பவன் போட்ட பிச்சை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக்கு அந்த ஆளை எதிர்த்து வாய் திறக்க முடியாது. சுதந்திரமாக விற்கிறவன் சலுகையைத் தொடக் கூடாது என்றார். “அண்ணா, அது இருக்கட்டும்ணா, திருப்பிக் குடுக்காத,” என்றேன் நான். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். அன்று மாலையே டோக்கன் ஆலைக்குத் திரும்பிப் போனது. உலகத்தில் எந்த விவசாயியும் செய்யாத காரியம். லிபர்டேரியன் ஒருவரை வக்கீலாக வைத்துக்கொண்டவன் மட்டுமே செய்யக்கூடியது.

மூன்று டிராக்டர் பழத்தோடு ராம்புக்குப் போனோம். வக்கீல் சாரும் கூட வந்தார். தரகர் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்துவிட்டு ஒரு விலை சொன்னார். ஆலை விலையில் பாதிகூட இல்லை. அண்ணன் டிராக்டர்களைத் திரும்பிப் பார்த்தார்.

“புடிக்கலன்னா குடுக்காதப்பா,” என்றார் வக்கீல் சார். “இங்க உன்ன யாரும் கட்டாயப்படுத்தல.”

“பழம் கட்டாயப்படுத்துது சார்,” என்றார் அண்ணன். “நாளிக்கி அழுவிப்பூடும். அவுரு நாளிக்கும் இங்கதான் குந்திக்கினு இருப்பாரு.”

வக்கீல் சார் தரகரைப் பார்த்தார். தரகர் சாந்தமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி இல்லை, போலீஸ் இல்லை, மானியம் இல்லை. நீ விற்கிறாய், நான் வாங்குகிறேன், நடுவில் யாரும் இல்லை. வக்கீல் சார் சந்தை என்று சொன்னது அத்தனையும் அந்த மேடையில் இருந்தது. எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தை இன்றும் மறைக்க விரும்பவில்லை. அண்ணன் தலையாட்டினார். பழம் இறங்கியது. சாயங்காலம் அதே பழத்தை ஏற்றிக்கொண்டு தரகரின் லாரி கிளம்பியது; எந்த ஆலைக்கு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மாடி அறையில் அண்ணன் உதாரணம் ஆகிவிட்டார். “பாருங்கய்யா, டோக்கன் போட்டு ஊரக் கெடுத்து வச்சதால தரகன் வச்சது வெல. இதுதான் கேப்பிடலிசம்,” என்றார் வக்கீல் சார். “சரக்கு வித்துச்சா இல்லயா? வித்துச்சு. வேஸ்ட் ஆகல. சூடண்டி, நல்லா பாருங்க, இதுதான் கேப்பிடலிசம்,” என்றார் முதலாளி. அந்தப் பழத்தைக் குறைந்த விலைக்கு வாங்கியவர் முதலாளி. அந்த விலைக்கு விற்க வைத்தவர் வக்கீல் சார். இரண்டு பேருக்கும் என் அண்ணனுடைய நஷ்டம் தேவைப்பட்டது. நான் மொழிபெயர்ப்புத் தாள்களை மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். யாரும் கூப்பிடவில்லை, விவாதம் சூடாக இருந்தது.

அண்ணன் அந்த மழைக்காலத்தில் தோப்பை வெட்டினார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணி போன் செய்து அழுதபோது ஓடினேன். வெட்டிய மரங்களை அளவாக அறுத்து, களத்து மேட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். நைனா தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள். பச்சை மர வாசனை களம் முழுக்க இருந்தது. எனக்குப் பின்னாலேயே வக்கீல் சாரும் வந்து சேர்ந்தார், கையில் ஒரு கோப்போடு. ஆலைகள் சேர்ந்து விலையைக் கட்டிப்போட்டதற்கு வழக்குப் போடலாம், கையெழுத்து மட்டும் போடு என்றார். இந்த மனிதர் அண்ணனுக்காக வந்தாரா, தன் வாதத்துக்காக வந்தாரா என்று அப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

அண்ணன் கோப்பை வாங்கவில்லை. கட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி நிதானமாகப் பேசினார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“கட்டைக்கு மூணு பேரு வந்தாங்க சார். மொதல்ல வந்தவன் கம்மியாக் கேட்டான், போய் வான்னுட்டேன். ரெண்டாவது ஆள் வந்தான், அவனையும் போவச் சொன்னேன். மூணாவதா வந்தவன் நான் சொன்ன வெலைக்கே ஒத்துக்கினான், நாளிக்கி ஏத்திக்கினு போறான். கட்ட அழுவாது சார், எத்தினி நாளு வேணாலும் கெடக்கும். பொறந்ததுலேந்து நானா வெல சொல்லி வித்தது இதான் மொத தபா.” உட்கார்ந்திருந்த கட்டையைத் தட்டிக் காட்டிக் கேட்டார். “நீங்க சொன்ன சந்தை இதான சார்?”

வக்கீல் சார் வரிசையாக நின்ற அடிக்கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் ரோட்டுப் பக்கம் நடந்தார்.