மாலையை விழுங்கிய டிராக்டர்

எஞ்சின் வைத்தியத்தில் நோயாளி பொய் சொல்லாது. கூட்டிக்கொண்டு வருகிறவர்தான் சொல்வார். ஸ்பேனர் பிடித்த மகாஜனங்களே, உங்களுக்குத் தெரியாததா!

லகாட் என்கிற தோட்டத்து ஊரில் நான் ஒரு பொம்பள மெக்கானிக். என் பட்டறைக்கு வரும் முனியாண்டி அண்ணனுக்கு ஒரே டிராக்டர். வாரநாளில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும். ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த தோட்டத்துத் திடலில், சிமெண்டுக் கட்டை ஏற்றிய இரும்புச் சறுக்கை இழுத்துப் போட்டி போடும். குலை ஏறினால்தான் அவர் வீட்டில் உலை ஏறும். போட்டி வேண்டாமென்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

கொஞ்சூண்டு

டீசல் பம்பின் திருகை எஞ்சின் தாங்கும் அளவுக்கு வைத்து, யாரும் தொடக்கூடாதென்று சிவப்புச் சாயமும் பூசியிருந்தேன். போட்டியில் பாதித் தூரம் போனதும் ‘டொம்’. கனெக்டிங் ராட் எஞ்சினின் பக்கவாட்டைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. என் முஷ்டி நுழையும் ஓட்டை. பம்பில் சாயத்தைக் காணோம்.

“கொஞ்சூண்டுதாம்மா திருப்பினேன். மூணு சுத்து லா.”

சாவி

வேறு எஞ்சின் மாட்டினோம். அடுத்த போட்டியில், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவின் சீல் கிழிந்து, எஞ்சின் தன் எண்ணெயைத் தானே குடித்துக்கொண்டு அலற ஆரம்பித்தது. டீசலை நிறுத்தினாலும் நிற்காது. காற்று போகும் வாயை அடைக்க வேண்டும். நான் பலகையோடு எஞ்சினை நோக்கி ஓடினேன். அண்ணன் சாவியோடு எதிர்த்திசையில் ஓடினார். பலகை போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் இறுகிச் செத்தது. குளிர்பானக் கடைக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது:

“சாவியத்தான் புடுங்கிட்டேனே! அப்புறமும் ஓடுனா அது என் தப்பா?”

மரியாதை

மூன்றாவது எஞ்சின். போட்டிக்காகக் காற்று வடிகட்டியைக் கழற்றியிருந்தது. டர்போ வாய் திறந்து நின்றது. நான் தே தாரிக் டீ குடிக்கப் போன நேரத்தில் அண்ணன் பூஜை போட்டுவிட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சை, சரி. முகப்பில் விபூதி, சரி. சாமந்தி மாலையை மட்டும் அந்தத் திறந்த வாயிலேயே மாட்டியிருக்கிறார். எனக்குச் சாமிமேல் கோபமில்லை, மாலைக்குள்ளிருந்த கம்பிமேல்தான். எஞ்சின் காற்றை இழுத்த இழுப்பில் மாலை உள்ளே போய், டர்போ இறக்கைகள் உடைந்து, துண்டுகளெல்லாம் எஞ்சினுக்குள். புகைக்குழாய் வழியாகக் கருகிய பூ பறந்தது. கூட்டம் கைதட்டியது.

“சாமிக்குப் போட்ட மாலைம்மா. அது எப்படிக் கெடுதல் பண்ணும்?”

திங்கட்கிழமை

வெட்டிய குலைகள் வரப்பில் கிடந்தன. நாள் கடந்தால் ஆலை எடுக்காது. அண்ணன் மனைவி சரோஜா அக்கா விடியலிலிருந்து கைவண்டியில் ஏற்றி, தனியாகச் சாலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளங்கையெல்லாம் முள். நான் உதவப் போனபோது, அண்ணன் நிழலில் நின்று யாரிடமோ “பொம்பள கை பட்ட எஞ்சின், எங்க வெளங்கும்?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று ஏறியது, வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார். கைவண்டியில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அண்ணன் கையில் திணித்தார்.

“இழுக்கத்தானே ஆசை? இழுங்க.”

எஞ்சினைப் பிரித்து மாட்ட எனக்குத் தெரியும், ஓட்டுகிறவரைப் பிரித்து மாட்ட அக்காவிடம்தான் போகவேண்டும்.