இறங்குதுறைக் குழியில் ஒரு பச்சை வட்டம்

ஊர்காவற்றுறை இறங்குதுறையைப் பெருப்பித்துக் கட்டப்போகிறார்கள். அதற்கு முன்னர் கரையோரத்தைத் தோண்டிப் பார்க்கும் குழுவில் என் மகளும் இருக்கிறாள், தொல்லியல் படித்தவள். மத்தியானச் சாப்பாட்டை நானே கொண்டுபோவேன். குழிக்குள் அவள் பத்திரமாக நிற்பதைக் கண்ணால் காணாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

அன்று இடுப்பளவு குழிக்குள் குந்தியிருந்து தூரிகையால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். முதல் நாள்தான் நீலப் பூப்போட்ட சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருந்தன. ஆசையோடு எட்டிப் பார்த்தேன். அவளது முழங்காலுக்குப் பக்கத்தில், மண்ணுக்குள்ளிருந்து பச்சையாக ஒரு வட்ட விளிம்பு.

போர் முடிந்து நாங்கள் மீளக் குடியேறியபோது எங்கள் வீட்டு வளவுக்குள்ளிருந்தும் அப்படியொன்றை எடுத்தார்கள்.

"மிதிவெடி! தொடாதை, ஏறு மேலை!"

"கத்தாதேங்கோ அம்மா, இது..."

தோளில் பிடித்து இழுத்தேன். சாப்பாட்டுப் பெட்டி மணலில் கவிழ்ந்தது. மற்றவர்களும் பாய்ந்து ஏறினார்கள். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் ஒன்றே போதும். துறைமுக வேலையின் மேற்பார்வையாளர் மட்டும் முணுமுணுத்தார்.

"அக்கா, இண்டைக்கு எங்கடை வேலைக்கெல்லோ வெடி வைச்சிட்டியள்."

மிதிவெடி அகற்றுபவருக்குச் சொல்லிவிட்டுத் தெருவுக்கு அப்பால் போய் நின்றோம்.

"கை நோகுதம்மா, விடுங்கோ."

"நோகட்டும்."

வந்தவர் குப்புறப் படுத்து, மெல்லிய கம்பியைச் சரித்துப் பிடித்து மண்ணைக் குத்திப் பார்த்தார். விரலால் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்கினார். பிறகு எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

"அக்கா, இது வெடியில்லை. செம்புத் தட்டு. பச்சைக் களிம்பு பிடிச்சுக் கிடக்குது. விளிம்பிலை மூண்டு ஓட்டை வேறை."

மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

"மூண்டு ஓட்டையோ? அம்மா, தராசுத் தட்டு! ஆரோ யாவாரி இதிலை வைச்சு நிறுத்திருக்கிறான்!"

நானும் பின்னால் ஓடினேன். தட்டு முழுதாக வெளியே வந்தபோது முணுமுணுத்த மனிதர்கூடக் கைதட்டினார். எத்தனை மிளகும் ஏலமும் அதில் ஏறி இறங்கியதோ! அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தராசெண்டால் மற்றத் தட்டு எங்கை?"

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தேடட்டோ? இறங்க விடுவியளோ?"

"முதல் அந்த அண்ணை பாக்கட்டும்."

அவர் உலோகம் காட்டும் கருவியை எடுத்துக் குழியின் மற்றப் பக்கமாக மெல்ல நகர்த்தினார். அது கீச்சிட்டது.

"இஞ்சையும் ஏதோ கிடக்குது, அக்கா."

"எங்கை? எங்கை?" என்று மகளை முந்திக்கொண்டு குழி விளிம்பில் முழந்தாளிட்டேன்.